வீட்டுக்குப் பலகைத் தளம்

வீடு கட்டுவோர் கூரையைப் பற்றிச் சிந்திக்கும் அளவுக்குத் தரையைப் பற்றிச் சிந்திப்பதில்லை. கூரை ஒழுகினால் அன்றே தெரிந்துவிடும். தரை கெடுவதோ மெல்ல மெல்ல, பல ஆண்டுகள் கழிந்தபின்னரே தெரியவரும். ஆயினும் நாள் முழுவதும் நம் உடலோடு உறவு கொண்டிருப்பது தரையே அன்றோ? குழந்தை தவழ்வதும், முதியோர் பாய் விரித்துப் படுப்பதும், விருந்தினர் சம்மணமிட்டு அமர்வதும் அதன்மேல்தான். ஆதலின் இவ்வாரம் தரையைப் பற்றி, அதிலும் பலகைத் தளத்தைப் பற்றி, வாசக நேயர்களோடு சிறிது உரையாட எண்ணுகின்றோம்.

நம் கீழ்க்கரையோர ஊர்களின் பழைய வீடுகளில் மண் தரையே இருந்தது. வெள்ளிதோறும் சாணமிட்டு மெழுகிய அத்தரை வெயிலிலும் குளிர்ந்திருந்தது. பின்னர்ச் சீமெந்து வந்தது. செந்நிறச் சாயம் கலந்து வழவழப்பாக்கிய சீமெந்துத் தரை வசதியுள்ளோர் வீட்டின் அடையாளமாயிற்று. அதன்பின் மாபிள் வந்தது. இப்பொழுது பாண்டிருப்பிலும், அயலிலுள்ள மருதமுனை, கல்முனை ஆகிய ஊர்களிலும் பலகைத் தளத்தைப் பற்றிய பேச்சு எழுந்துள்ளது. வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகள் அங்குள்ள வீடுகளைப் படம் பிடித்து அனுப்புகின்றனர். அவற்றைக் கண்டு இங்குள்ளோர்க்கும் ஆசை பிறக்கின்றது. ஆசை பிறப்பதில் தவறில்லை. குளிர்நாட்டில் பொருந்துவது இந்தக் கடற்கரையிற் பொருந்துமா என்று ஆராயாமற் பணத்தைச் செலவிடுவதே தவறு.

தாயின் கேள்வி

நம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் வந்திருந்தார். “சேர், தம்பி கனடாவிலிருந்து காசு அனுப்புகிறான். வீடு முழுவதும் பலகை போடச் சொல்கிறான். அம்மாவோ, ‘கழுவ முடியாத தரை என்ன தரை?’ என்று கேட்கிறா. நான் யாருடைய சொல்லைக் கேட்பது?” என்றார்.

அந்தத் தாயின் கேள்வியைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுதல் இயலாது. பிரான்சு நாட்டு வெர்சாய் அரண்மனையில் 1684ஆம் ஆண்டளவில் சலவைக்கற் தரைகளை நீக்கிப் பலகைத் தளம் அமைத்தனர். கல்லைக் கழுவக் கழுவ நீர் கீழே இறங்கி, தளத்தைத் தாங்கிய மரவிட்டங்களை உக்கச் செய்தமையே அதற்குக் காரணம். அரசரது அரண்மனையாயினும் அடியவரது குடிசையாயினும் மரத்துக்கும் நீருக்கும் உள்ள பகை ஒன்றே. வாளி வாளியாக நீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளும் நம் வழக்கம் பலகைத் தளத்துக்கு ஆகாது. அதனை உலர்ந்த துணியாற் கூட்டி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். பொங்கலுக்கும் கோயிற் சடங்குக்கும் வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் இல்லத்தில், அவ்வழக்கத்தை விட மனமில்லையாயின், அங்கே பலகை வேண்டாம்.

எனவே அந்த மாணவருக்கு நாம் கூறியது இதுவே: “கீழ்வீட்டுக்குச் சீமெந்தோ மாபிளோ போடுங்கள், குசினியும் பூசையறையும் விறாந்தையும் அம்மாவின் ஆட்சியில் இருக்கட்டும். மேல்மாடியிலுள்ள படுக்கையறைக்கும் படிக்கும் அறைக்கும் பலகை போடுங்கள். தம்பியின் விருப்பமும் நிறைவேறும். அம்மாவின் சொல்லும் நிற்கும்.” அவர் முகமலர்ச்சியுடன் சென்றார்.

இஃது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய விடை அன்று. நம் ஊர்களின் நிலம் தாழ்ந்தது. மாரியில் நிலத்தடி நீர் மேலெழும். வெள்ளம் முற்றத்துக்கு வரும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் இவ்வூர்களுக்குள் புகுந்ததை மறந்தவர் எவருமிலர். நீரில் மூழ்கக்கூடிய கீழ்த்தளத்திற் பலகை பதிப்பது பொருளை நீரில் இடுவதற்கு ஒப்பாகும். கீழ்த்தளத்திலேதான் போட வேண்டும் என்போர் முதலில் ஒரு சோதனை செய்க. ஏறக்குறைய 2 அடி சதுரமான பொலித்தீன் தாளைச் சீமெந்துத் தரையில் விரித்து, நான்கு விளிம்பும் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஓர் இரவும் ஒரு பகலும் விட்டு வைக்க. தாளின் அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தாலும், தரை கருமையுற்றிருந்தாலும், நிலத்தின் ஈரம் மேலே வருகின்றது என்பது பொருள். அவ்வீரத்தைத் தடுக்காமல் அங்கே பலகை போடலாகாது. இச்சோதனையைக் கோடையிற் செய்து ஏமாறாமல், மாரியிலே செய்தல் நன்று.

எம்மரம் ஏற்றது?

நம் கீழ்மாகாணக் காடுகள் மரத்துக்குப் பெயர் போனவை. முதிரையை எடுத்துக்கொள்வோம். பொன்னிறமும் பட்டுப் போன்ற மினுக்கமும் உடைய இம்மரம் பிரித்தானியர் காலத்தில் மட்டக்களப்பு, திருகோணமலைக் காடுகளிலிருந்து கப்பலேறியது. (அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது 1961இலேயே.) பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1833இல் அமைந்த பாலம் முழுவதும் முதிரை மரத்தாலானது, சுமார் 205 அடி நீளமான ஒரே வளைவில், ஆணியின்றி மரத்தோடு மரம் பொருத்திக் கட்டப்பட்டது. 1905இல் இரும்புப் பாலம் அவ்விடத்தைப் பெறும்வரை அது எழுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. இத்தகைய மரம் தளத்துக்கு ஏற்றது என்று கூறவும் வேண்டுமோ?

ஆனால் ஏற்றது எது என்பது ஒரு கேள்வி. எடுக்கத்தக்கது எது என்பது மற்றொரு கேள்வி. முதிரை மெல்ல வளரும் மரம். ஓர் அறைக்குப் பலகையாகும் மரம் வைரம் பாய்வதற்கு மனித ஆயுளொன்று போதாது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோதே பெருங்காடுகள் நீரின் கீழும் வயலின் கீழும் மறைந்தன. எஞ்சிய காட்டிலிருந்து இரவோடிரவாகக் கடத்தி வரும் பலகை மலிவாகக் கிடைக்கலாம். அதனை வீட்டில் விரித்து அதன்மேற் பிள்ளைகளை நடக்கவிடுவது நமக்கு அழகன்று. மரம் வாங்குவோர் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பார்த்தே வாங்குக. 1968இல் நிறுவிய அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையங்களில் வாங்கினால் இந்த ஐயத்துக்கு இடமில்லை. சொந்த வளவிலுள்ள மரமாயினும் சட்டம் உண்டு: 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டலாகாது.

தோட்ட மரங்களில் முதலிடம் தேக்குக்கே. அது சுருங்குவதும் விரிவதும் குறைவு. அதன் இயற்கை எண்ணெய் கறையானை எளிதில் அண்டவிடாது. மகோகனி அழகியது; ஆனால் தேக்கினும் சற்று மென்மையானது. பாலை மிக வலியது, நீரில் இட்டால் அமிழும் அளவுக்குக் கனமானது. எனினும் துளையிடாமல் ஆணி அடித்தால் பிளக்கும். வேம்பு பூச்சிக்கு எளிதில் இடங்கொடாது. முதிர்ந்த தென்னையையும் இகழ்தல் வேண்டா. காய்ப்பு நின்ற பழந்தென்னையின் அடிப்பாகத்தில், வெளிப்புறமாயுள்ள இறுகிய பகுதி நல்ல தளப்பலகையாகும். நடுவிலுள்ள மென்மையான பகுதி ஆகாது. பிலிப்பைன்ஸ் நாட்டார் தென்னையை அறுத்துத் தளத்துக்குப் பயன்படுத்தி வருகின்றனர். கடலோரத் தென்னை நிறைந்த நம் ஊரார் அதை விறகாக்கி விடுகின்றனர்.

யாவற்றினும் மேலானது பழைய மரம். இடிக்கப்படும் வீட்டின் விட்டமும் கதவும் பல தலைமுறை உலர்ந்தவை. இனிச் சுருங்குவதற்கு அவற்றில் மிச்சமில்லை எனலாம். ஆணிகளைப் பிடுங்கி, உளுத்த பகுதியை நீக்கி அறுத்தால், புதுப்பலகைக்கு இல்லாத உறுதியைக் காணலாம். எம்மரமாயினும் வைரப் பகுதியையே கொள்க. பட்டைக்கு அண்மையிலுள்ள வெண்பகுதி வண்டுக்கு விருந்து.

மரத்தின் ஈரம்

மாணவர் இப்பகுதியைக் கவனமாக வாசிப்பாராக. மரம் வெட்டுண்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியும் வெளிவிட்டும் கொண்டேயிருக்கும். நீளவாக்கில் அது நீள்வதும் குறுகுவதும் இல்லையெனும் அளவுக்குச் சிறிது. குறுக்குவாக்கிலேயே மாற்றம் மிகுதி. தேக்குப் பலகையின் ஈரம் நூற்றுக்கு 1 பங்கு கூடினால், அதன் அகலம் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 2 பங்கு விரியும். கச்சான் காற்று வீசும் கோடைக்கும் நவம்பர், டிசெம்பர் மாத மாரிக்கும் இடையே பலகையின் ஈரம் நூற்றுக்கு 4 பங்கு மாறுகின்றது என்று வைத்துக்கொண்டால், 10 அடி அகலமான அறையின் தளம் முழுவதும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் விரிய வேண்டும். விரிய இடமில்லையாயின் தளம் நடுவே கூரை போல் மேலெழும். சுவரோரம் இருபுறமும் அரையங்குல இடைவெளி விட்டு, அதனை ஓரச்சட்டத்தால் மறைப்பதன் காரணம் இதுவே. அச்சட்டத்தைச் சுவரில் அறைக. தளத்தில் அறைந்தால் இடைவெளி விட்டதன் பயன் அழியும்.

பலகையை நன்றாக உலர்த்திய பின்பே பதிக்க வேண்டும். காற்றில் உலர்த்துவதாயின் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. நிலத்தில் படாமல் உயர்த்தி, பலகைக்குப் பலகை சமகனமான சட்டங்களை இடையிட்டு, மழையும் நேர்வெயிலும் படாத கொட்டிலில் அடுக்குக. இரு முனைகளிலும் மையோ மெழுகோ பூசினால் முனை வெடிப்பது குறையும். உலர்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு துண்டை அறுத்து நிறுத்துக. பின்னர் அதனை நீரின் கொதிநிலையைச் சற்றே கடந்த 103 பாகை வெப்பத்தில், எடை மேலும் குறையாதவரை உலர்த்தி, மீண்டும் நிறுத்துக. முதலில் 115 கிராமும் பின்னர் 100 கிராமும் இருப்பின், ஈரம் நூற்றுக்கு 15 ஆகும். பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் செய்து பார்க்கத்தக்க பரிசோதனை இது.

பதிப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னரே பலகையை அந்த அறையிலேயே அடுக்கி வைத்து அறையின் காற்றுக்குப் பழக்குக. சீமெந்து வேலையும் சுவர்ப்பூச்சும் முற்றாக உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரச்சுவருக்கு நடுவே உலர்ந்த பலகையை வைத்தல், உப்பை மழையில் வைத்தல் போலாகும். பலகையின் ஒரு விளிம்பில் நாக்கும் மறுவிளிம்பில் பள்ளமும் செதுக்கி, ஒன்றை மற்றொன்றிற் செருகி, நாக்கின் மேலாகச் சாய்த்து ஆணி அறைவதே ஓடாவிமார் கைக்கொள்ளும் சிறந்த முறை. ஆணி கண்ணுக்குத் தெரியாது, பலகைக்கு அசையவும் இடமிருக்கும். கீழே தாங்கு சட்டங்கள் இருப்பின், அவற்றுக்கிடையே காற்றோட வழி விடுக. கறையான் மண்குழாய் கட்டியுள்ளதா என்று ஆண்டுக்கு இருமுறையேனும் பார்த்தல் நன்று.

கடைகளில் இன்று மரத்தளம் என்ற பெயரில் விற்பவை யாவும் மரத்தளம் அல்ல. சில வகைகளில் மேலே சில மில்லிமீற்றர் கனத்தில் உண்மை மரமும் கீழே ஒட்டுப்பலகையும் இருக்கும். இவை ஈரத்துக்கு அசைவது குறைவு, மேற்கனத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு முறை மட்டுமே இழைக்கலாம். வேறு சிலவற்றில் மேலே இருப்பது மரத்தின் படம் அச்சிட்ட தாளே. சுவீடன் நாட்டு நிறுவனமொன்று 1977இல் உருவாக்கிய லமினேற் என்னும் இவ்வகை மலிவானது, விரைவிற் பதிக்கத்தக்கது. ஆனால் கீறல் விழுந்தால் இழைத்துப் புதுப்பிக்க இயலாது, நீர் புகுந்தால் ஊதிவிடும். விலையை மட்டும் கேட்டு வாங்காமல், ஒரு துண்டின் வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்குக.

மெருகிடுதல்

தளம் பதித்தபின் அரத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். முதலில் 40ஆம் இலக்கம், பின்னர் 60, 80, இறுதியில் 100 அல்லது 120 என்று படிப்படியாக மென்மையானதற்குச் செல்க. இடைப்படியைத் தாண்டினால் முரட்டுத் தாளின் கீறல் மெருகின் கீழ் என்றும் தெரியும். மரத்தின் இழை ஓடும் திசையிலேயே தேய்க்க. முதிரைத் தூள் சிலர் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும்; எம்மரத் தூளாயினும் நுரையீரலுக்கு நன்மை தராது. ஓடாவியாருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்றே கருதுகின்றோம்.

மெருகு மூவகை. ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் சேர்ந்தது முதல்வகை; மரத்தின் இயல்பான நிறத்தைக் காட்டும், பழுதுற்ற இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம்; ஆனால் அடிக்கடி பூச வேண்டும். இரண்டாவது வார்னிஷ். மூன்றாவது பொலியூரிதேன், கடினமான படலமாக உறைந்து நீரையும் தேய்வையும் தாங்கும், நடமாட்டம் மிக்க அறைக்கு ஏற்றது. கதிரை, அலுமாரிகளுக்கு ஏற்ற அரக்குப் பொலிஷ் தளத்துக்கு ஏற்றதன்று. நீர் பட்ட இடம் வெண்மையாகும். எதுவாயினும் கனமாக ஒருமுறை பூசுவதினும் மெல்லிதாக மூன்றுமுறை பூசுவதே மேல். மாரிகாலத்தில் மெருகிட வேண்டாம்; உலராது. வேலை நடக்கும்போதும் மணம் நீங்கும்வரையும் யன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தைகளையும் சுவாச நோயாளரையும் வேறிடத்திற் படுக்கவிடுக.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அவ்வெண்ணெய் உலரும்போது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து வெப்பத்தை உண்டாக்கும். சுருட்டிய துணியில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கி, நெருப்பு வைப்பார் இன்றியே தீப்பற்றும். துணியை நீரில் நனைத்து, வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்திய பின்பே எறிக.

பழையதைப் புதுப்பித்தல்

ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனமுடைய முழுமரப் பலகையைப் பலமுறை இழைத்துப் புதுப்பிக்கலாம். மாபிளுக்கு இல்லாத பெருமை இது. எனினும் பொலிவு குன்றியதும் இழைக்கத் தொடங்கிவிட வேண்டாம். ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். துளி முத்துப் போல் நின்றால் மெருகு உயிரோடிருக்கின்றது. நன்றாகத் துடைத்து, மெல்லத் தேய்த்து, மேலே ஒருமுறை மெருகிட்டாற் போதும். நீர் உடனே உள்ளே இறங்கிக் கருமை படர்ந்தால் மட்டுமே மரம் தெரியுமட்டும் இழைக்க வேண்டும். அதற்குமுன் தலைதூக்கிய ஆணிகளை உள்ளிறக்குக. அசையும் பலகைகளை இறுக்குக. பழைய வர்ணப்பூச்சு இருப்பின் அதில் ஈயம் கலந்திருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூளாக்காமல், ஈரமாக்கிச் சுரண்டுக. அத்தூள் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு.

இறுதியாக, வீட்டுக்கு வேண்டாமெனினும் பலகைத் தளம் கட்டாயம் வேண்டிய ஓரிடத்தைக் குறிப்பிட விரும்புகின்றோம். நம் பாடசாலைகளிலும் அறநெறி வகுப்புகளிலும் சிறுமியர் பரதம் பயில்வது பெரும்பாலும் சீமெந்துத் தரையில். தட்டும் அடவின் அதிர்ச்சி முழுவதும் கொங்கிறீற்றில் மோதித் திரும்பி அவர்களின் குதிகாலுக்கும் முழங்காலுக்குமே வருகின்றது. சட்டங்களின் மேல் அமைந்த பலகை சிறிதே வளைந்து அவ்வதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். ஊரிலே மண்டபம் கட்டும் அன்பர்கள் முகப்புக்கு மாபிள் பதிக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஆடரங்குக்குப் பலகை போடுவார்களாயின், இன்று ஆடும் பிள்ளைகள் நாற்பது வயதில் முழங்கால் வலியின்றி நடப்பர்.

மரம் ஒரு முறை வெட்டுண்டபின் அதற்கு மறுபிறவி நம் கையில்தான் உண்டு. அறிந்து தெரிந்து, உலர்த்திப் பதித்து, நீரினின்றும் காத்து, காலத்துக்குக் காலம் மெருகிட்டால், அது நம் பேரப்பிள்ளைகளின் காலடியையும் தாங்கும். அவ்வாறு காக்க இயலாதவர் சீமெந்துத் தரையோடு மகிழ்ந்திருப்பதும், அந்த மரத்தைக் காட்டிலேயே நிற்கவிடுவதும் சாலச் சிறந்தன.